மீனில்லாத் தொட்டி

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி ஐந்து வாரங்களுக்கும் மேலாக மீனின்றி நின்றிருந்தது. நீர் இருந்தது. அடியில் கூழாங்கற்கள் பரப்பப்பட்டிருந்தன. மூலையிலிருந்து காற்றுக் குமிழிகள் இரவும் பகலும் எழும்பிக்கொண்டிருந்தன. மீன் மட்டும் இல்லை. வீட்டிற்கு வந்தவர்களில் அதைக் கண்டு கேள்வி கேட்காமல் போனவர் ஒருவரும் இல்லை. "தண்ணீருக்கா இத்தனை மின்சாரம்?" என்று உறவினர் ஒருவர் கடிந்துகொண்டார். "மீன் வாங்கக் காசு பத்தவில்லையா, சார்?" என்று பால்காரர் சிரித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம். அந்த வெறுந்தொட்டியின் முன் எங்கள் பேரன் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்ததன் காரணத்தை வாசலில் நின்று சொல்லி முடிக்க இயலாது. எனவே இங்கே எழுதுகிறோம்.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் மருமகன் மாரடைப்பால் காலமானார். வயது முப்பத்தெட்டு. மகள் வெளிநாட்டில் செவிலியர் பணிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக் கடனும் வாழ்க்கையும் காத்திருக்கவில்லை. ஒன்பது வயதுப் பேரன் அந்த ஜூன் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்களிடம் வந்து சேர்ந்தான். நாங்கள் இருவருமே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். முப்பது ஆண்டுகள் பிறர் பிள்ளைகளை வளர்த்தோம் என்ற நம்பிக்கை எங்களுக்கு மிகுதியாகவே இருந்தது.

வந்த முதல் வாரமே அவனைத் தனிப்பயிற்சி வகுப்பில் சேர்த்தோம். இரண்டாம் வாரம் சிலம்பம் பழக அனுப்பினோம். மாலை தவறாமல் உறவினர் எவரேனும் பால்கோவாப் பொட்டலத்துடன் வந்து, "அப்பா எங்கும் போகவில்லை, உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அழக்கூடாது" என்று கூறிச் செல்வர். அவன் அழவும் இல்லை, பேசவும் இல்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்வான், அவ்வளவே. இரண்டு மாதங்களில் அவனாக எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தாத்தா, மீன் வளக்கலாமா?"

அவனுடைய தந்தையின் வீட்டில் ஒரு மீன்தொட்டி இருந்தது. வீட்டைக் காலி செய்தபோது அதைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் பிறப்பதற்கு முன்பே நிலைபெற்றுவிட்ட தொட்டி அது. ஆகவே தொட்டி என்றால் மீன் இருக்கும் என்பது மட்டுமே அவனுக்குத் தெரியும். எங்களுக்கு அதுவும் தெரியாது.

ஆகஸ்டு 15 விடுமுறையன்று கடைக்குச் சென்றோம். இரண்டடி நீளத் தொட்டி, காற்று உந்தும் கருவி, பஞ்சு வடிப்பான், வண்ணக் கற்கள், தீவனப் பொட்டலம், பொன்மீன்கள் எட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினோம். அன்று மாலையே குழாய் நீரை நிரப்பி மீன்களை விட்டோம். பிள்ளை அன்றிரவு வெகுநேரம் உறங்கவில்லை. மீன்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்தோம்.

மூன்றாம் நாள் நீர் மங்கியது. நான்காம் நாள் மீன்கள் நீர்ப்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் செந்நிறமாகக் கன்றியிருந்தன. அழுக்குதான் காரணம் என்று எண்ணி, நீர் முழுவதையும் வடித்தோம். கற்களையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினோம். புதிய நீரை நிரப்பினோம். மறுநாள் இரண்டு மீன்கள் மிதந்தன. ஒன்பதாம் நாள் எட்டாவதும் போயிற்று. கொல்லையில் கொய்யா மரத்தடியில் அவன் தன் கையாலேயே குழி தோண்டினான். மண்ணை மூடிவிட்டு, எங்களைப் பாராமலே கேட்டான்: "எங்கிட்ட இருக்கிறது எதுவுமே இருக்காதா, தாத்தா?"

ஆசிரியப் பணியில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை கூறியிருக்கிறோம். அன்று எங்களிடம் விடை இல்லை. அவன் மீன்களைக் குறித்து மட்டும் கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. இனி மீன் என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று முதலில் முடிவு செய்தோம். இரண்டு நாள் கழித்து அம்முடிவை நாங்களே மாற்றிக்கொண்டோம். ஒரு பிள்ளை, தான் தொட்டது வாழாது என்று நம்பத் தொடங்கினால், அந்த நம்பிக்கையோடு அவனை விட்டுவிடுவது மீன்களின் இறப்பைவிடப் பெரிய இழப்பு என்று பட்டது.

எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பயின்றவர். அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் பையனிடம் பேச வேண்டும் என்றார். ஒலிபெருக்கியைப் போட்டு மூவரும் அமர்ந்தோம்.

அவர் கூறியதன் சாரம் இது. மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியாகவே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. தின்னாமல் விட்ட தீவனமும் அழுகி அம்மோனியாவாகிறது. அது மீனுக்கு நஞ்சு. நீரின் காரத்தன்மை கூடக்கூட அந்நஞ்சின் கடுமையும் கூடும். கார அளவு ஏழிலிருந்து எட்டுக்கு உயர்ந்தால் நச்சு வடிவில் நிற்கும் அம்மோனியா ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. நிலைபெற்ற தொட்டியில் இந்த அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, அது மீனின் இரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, இரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். வேறுவகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை, மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த உயிர்கள் நீரில் மிதப்பதைவிடக் கல்லிலும் கண்ணாடியிலும் வடிப்பானின் பஞ்சிலும் ஒட்டி வாழ்வதே மிகுதி. புதுத் தொட்டியில் அவை போதிய அளவில் இருப்பதில்லை. எட்டு மீன்களின் கழிவை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. வரத் தொடங்கியிருந்த சிலவற்றையும், குளோரின் கலந்த குழாய் நீரில் பஞ்சைக் கழுவி நாங்களே அழித்துவிட்டோம்.

"தம்பி, நீ ஒண்ணும் தப்பு செய்யல" என்றார் அவர். "மீனும் தப்பு செய்யல. வீடு கட்டி முடியுமுன்ன குடி வச்சுட்டாங்க. அவ்வளவுதான்."

பேரன் எங்கள் முகத்தைப் பார்த்தான். குற்றம் யாருடையது என்பது அப்போது விளங்கிவிட்டது. "ஆமாம், நாங்கள்தான் அவசரப்பட்டோம்" என்று இருவரும் சொன்னோம். பெரியவர்கள் ஒரு பிள்ளையிடம் அப்படி ஒப்புக்கொள்வது எளிதன்று. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் அவன் தோள்கள் சற்றே தளர்ந்ததைக் கண்டோம்.

அதன் பிறகு நாங்கள் படித்தறிந்தவை எங்களுக்கே வியப்பளித்தன. 1877-இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், மூன்ட்சு என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே கழிவுநீரை மெல்லக் கசியவிட்டார்கள். இருபது நாள் வரை அம்மோனியா அம்மோனியாவாகவே வெளிவந்தது. பிறகுதான் நைட்ரேட் தோன்றியது. இது வெறும் வேதிவினையாயின் முதல் நாளே நிகழ்ந்திருக்க வேண்டுமே என்று அவர்கள் எண்ணினார்கள். குழாயில் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியவுடன் மாற்றம் நின்றது. பின்னர் தோட்டத்து மண் கரைத்த நீரை ஊற்றியபோது மீண்டும் தொடங்கியது. அந்த வேலையைச் செய்பவை உயிர்கள் என்பது இவ்வாறு தெளிந்தது. 1890-ஆம் ஆண்டையொட்டி, சூரிச் நகரில் பணியாற்றிய ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து, வேலை இரண்டு படிகளாக, இரு வேறு உயிர்களால் நடப்பதைக் காட்டினார். தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், அது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் உயிர் என்று கண்டார்கள். 2015-இலோ, இரண்டு படிகளையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டறியப்பட்டன. அவற்றுட் சில கிடைத்தது மீன் வளர்க்கும் அமைப்பு ஒன்றின் வடிப்பானில். நூற்றுமுப்பத்தெட்டு ஆண்டுகள் உற்றுப் பார்த்தும், கண்ணெதிரே உழைத்துக்கொண்டிருந்தவரை முழுமையாக அடையாளம் காண முடியவில்லை!

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பேரனைச் செண்பகத்தோப்பிற்கு அழைத்துச் சென்றோம். எங்கள் தெருவிலிருந்து மேற்கே பார்த்தாலே அந்த மலை தெரியும். சாம்பல் நிற அணில்களைக் காப்பதற்கென 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. உள்ளே காட்டழகர் கோயிலும் மீன்வெட்டிப் பாறை அருவியும் உள்ளன. வனத்துறையினர் அனுமதிக்கும் எல்லை வரை நடந்து, ஓடைக் கரையில் அமர்ந்தோம். சாரல் பெய்து ஓய்ந்திருந்த காலம். நீர் முழங்கால் அளவே ஓடியது.

அந்த நீரில் என்னென்ன விழுகின்றன என்று எண்ணச் சொன்னோம். மரத்து இலைகள், பழங்கள், பறவை எச்சம், மேட்டில் தெரிந்த யானைச் சாணம், செத்த பூச்சிகள் என்று அவன் அடுக்கினான். "அப்படியும் தண்ணி தெளிவா இருக்கே!" என்று அவனே வியந்தான். ஒரு கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். வழுவழுவென்றிருந்தது. விரலளவு மீன்கள் அந்த வழுக்கலைச் சுரண்டிக்கொண்டிருந்தன. பாசியும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் சேர்ந்து நெய்த போர்வை அது; நீருக்குள் வீழ்ந்தவற்றையெல்லாம் ஓசையின்றி மாற்றிக்கொண்டிருப்பவற்றுள் அதுவும் ஒன்று. நாம் கல்லில் வழுக்கி விழும்போது சினந்துகொள்கிறோம். அந்த வழுக்கலால்தான் ஓடை உயிரோடிருக்கிறது என்பதை எண்ணுவதில்லை.

"இந்தக் கல்லு ஒண்ணை எடுத்துட்டுப் போய் நம்ம தொட்டில போட்டா சீக்கிரம் சரியாயிடும்ல?" என்று கேட்டான். கேள்வி சரிதான். பழைய தொட்டியின் பஞ்சையோ கல்லையோ புதியதில் இட்டால் காத்திருக்கும் காலம் குறையும் என்று எங்கள் மாணவரும் கூறியிருந்தார். ஆனால் காப்புக் காட்டிலிருந்து கல்லோ மீனோ எதையும் எடுக்கலாகாது என்று விளக்கினோம். "அப்ப நாமளே முதல்ல இருந்து செய்வோம்" என்றான். வந்த நாள் முதல் அவன் "நாம" என்று சொன்னது அப்போதுதான்.

மறுநாள் தொடங்கினோம். தொட்டியை வெறும் நீரால் கழுவினோம். இரண்டு நாள் திறந்த வாளிகளில் வைத்திருந்த நீரை நிரப்பி, எஞ்சிய குளோரினை நீக்கக் கடைகளில் ஹைப்போ என்று விற்கும் படிகத்தில் சிறிதளவு கரைத்து ஊற்றினோம். வடிப்பானை இயக்கினோம். இல்லாத மீனுக்கு நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டோம். அது அழுகி அம்மோனியாவாகும், அதுவே வரப்போகும் நுண்ணுயிர்களுக்கு உணவு. மதுரையிலிருந்து சோதனைக் குப்பிகள் வரவழைத்தோம். சிறு குழாயில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டு மருந்து கலந்தால் நிறம் மாறும். அம்மோனியா இருந்தால் மஞ்சள் பச்சையாகும். நைட்ரைட் இருந்தால் வெளிர்நீலம் ஊதாவாகும். நைட்ரேட் மிகுந்தால் மஞ்சள் சிவக்கும். குறிப்பேட்டில் நாளும் நிறமும் எழுதுவது அவன் பொறுப்பு.

ஐந்தாம் நாள் பச்சை தென்பட்டது. பதினான்காம் நாள் முதன்முதலாக ஊதா. இருபத்திரண்டாம் நாள் பச்சை மறைந்தது. முதல் வேலையாட்கள் வந்துவிட்டார்கள் என்று துள்ளினான். ஆனால் ஊதா நாளுக்கு நாள் அடர்ந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு என நாள்கள் நகர்ந்தன, அதே ஊதா. இந்த உயிர்கள் மெல்லப் பெருகுபவை. சாதாரண நுண்ணுயிர் சில, அரைமணி நேரத்திற்குள் இரட்டிப்பாகும். இவற்றுக்கோ ஏறத்தாழ ஒருநாள் வேண்டும். அவற்றை அதட்டி வேலை வாங்க வழியில்லை. நம்மால் ஆவது காற்றுக் கருவியை நிறுத்தாமல் வைத்திருப்பது மட்டுமே. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றி முடிக்க அவற்றிற்கு நான்கு கிராமுக்கும் மேலான பிராணவாயு தேவை. மின்வெட்டு நேர்ந்த ஓர் இரவில் அவன் எழுந்து, குவளையால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் போய் உடன் நின்றோம்.

இருபத்தொன்பதாம் நாள் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டான். "உள்ள நெஜமாவே யாராவது வேலை பாக்குறாங்களா, ஆச்சி? ஒண்ணுமே தெரியலையே." தெரியாது என்பதால் இல்லை என்றாகிவிடாது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டோம். அறிவுரை வேண்டாம் என்று தோன்றியது. மூவரும் விளக்கை அணைத்துவிட்டு, குமிழிகளின் ஓசையைக் கேட்டபடி தரையில் அமர்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து அவன் பேசினான். அப்பா ஞாயிறுதோறும் தொட்டி நீரை மாற்றுவார் என்றான். குழாயை வாயால் உறிஞ்சும்போது ஒருமுறை நீரைக் குடித்துவிட்டார் என்றான். அதைச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பின் நடுவிலேயே அழத் தொடங்கினான். எட்டு மாதமாக வராத அழுகை அது. "அழாதே" என்று நாங்கள் சொல்லவில்லை.

அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. முதல் தொட்டிக்குச் செய்ததைத்தானே இந்தப் பிள்ளைக்கும் செய்திருக்கிறோம்! இன்னும் நிலைகொள்ளாத நீரில் எட்டு மீன்களை விட்டதுபோல், வந்த வாரமே வகுப்பும் சிலம்பமும் ஆறுதலும் அறிவுரையும் கொட்டினோம். சற்றே கலங்கினால் எல்லாவற்றையும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்ப முயன்றோம். அவனுக்குள் மெல்ல உருவாகத் தொடங்கியிருக்கக்கூடிய எதையெல்லாம் அப்படிக் கழுவி ஊற்றினோமோ! அன்பினால்தான் செய்தோம். எட்டுப் பொன்மீன்களை வாங்கியதும் அன்பினால்தான். மறுநாளே தனிப்பயிற்சியை நிறுத்தினோம். மாலை வேளைகளை வெறுமனே விட்டோம்.

முப்பத்தெட்டாம் நாள் குழாயில் நீர் வெளிர்நீலமாகவே நின்றது. அவன் நம்பவில்லை, மறுபடியும் சோதித்தான். வெளிர்நீலமே. நைட்ரேட் குழாய் மட்டும் சிவந்திருந்தது. நீரில் பாதியை மாற்றினோம். கடைக்குச் சென்று இரண்டு கப்பி மீன்கள் மட்டும் வாங்கினான். கடைக்காரர் ஐந்தாக எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, "எத்தனை பேருக்குப் பழகியிருக்கோ அத்தனை பேரத்தான் அது தாங்கும், மெதுவா சேக்கணும்" என்று அவருக்கே விளக்கினான். ஒரு வாரம் சோதித்த பிறகு இன்னும் இரண்டு. அதன்பின் இன்னும் இரண்டு. ஒன்றும் சாகவில்லை.

இங்கே முடித்துவிட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் உண்மை முழுமையாக இராது. நைட்ரேட் தானாகத் தொட்டியை விட்டுப் போய்விடுவதில்லை. நஞ்சின் கடுமை குறைகிறதே தவிர, அது வேறு வடிவில் தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. நீர்ப்பூண்டுகள் சிறிது எடுத்துக்கொள்ளும். மீதியை, வாரந்தோறும் நீரில் கால்பங்கை மாற்றி, ஒருவர் தம் கையால்தான் வெளியேற்ற வேண்டும். நுண்ணுயிர்கள் தம் பங்கைச் செய்தாலும் நம் பங்கு ஓய்வதில்லை. எங்கள் பேரனின் துயரமும் அப்படித்தான். அது தீர்ந்துவிட்டது என்று நாங்கள் எண்ணவில்லை. தந்தையின் நினைவு நாளன்றும், தாய் விடுமுறை முடிந்து விமானம் ஏறும் நாளன்றும் நீர் மங்கத்தான் செய்கிறது. அந்நாள்களில் நாங்கள் உடன் அமர்கிறோம். கொஞ்சம் பேசுகிறான், கொஞ்சம் வெளியேறுகிறது. அடுத்த முறை மீண்டும்.

சனிக்கிழமைதோறும் அவன் மாற்றி எடுக்கும் நீர் வாளியை வீணாக்குவதில்லை. நைட்ரேட் செடிக்கு உரம் என்று அறிந்த நாள் முதல், கொல்லையில் கொய்யா மரத்தடியில் ஊற்றி வருகிறான். அந்த எட்டு மீன்களைப் புதைத்த இடம் அது. மரம் இப்போது முன்னைவிட நன்றாகக் காய்க்கிறது. உரத்தாலா, வாரம் தவறாத நீராலா என்று ஆராய நாங்கள் முற்படவில்லை.

2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு காலை, முதலில் வாங்கிய கப்பி மீன்களில் ஒன்று அடியில் அசையாமல் கிடந்தது. நாங்கள் முதலில் கண்டுவிட்டோம். அவன் எழுவதற்குள் எடுத்து மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் எண்ணியதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்குள் அவனே வந்துவிட்டான். சற்று நேரம் குனிந்து பார்த்தான். பிறகு அலமாரியிலிருந்து குப்பிகளை எடுத்துவந்து, ஒவ்வொரு குழாயாகச் சொட்டுகளை எண்ணி விட்டு, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தான். குறிப்பேட்டில் எழுதினான். எங்கள் இருவரின் மூச்சும் நின்றிருந்தது.

"தண்ணி நல்லாத்தான் தாத்தா இருக்கு" என்றான். "அதுக்கு வயசாயிடுச்சு."

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்.